மீண்டும் ஒரு கைநாட்டா?

மாத்தளை மண்ணிலே தமிழ்த் தொழிலாளி முதன்முதல் வந்து சேர்ந்த கதையை எண்ணிப் பாருங்கள். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டையும் தம்புள்ளைப் பெருவழியையும் கால்நடையாகக் கடந்து, பசிக்கும் காய்ச்சலுக்கும் உற்றாரை வழியெல்லாம் பலிகொடுத்து, எஞ்சியோர் வந்து மூச்சு வாங்கிய இடம் இந்த மாத்தளை. பத்தொன்பதாம் நூற்றாண்டில், கோப்பித் தோட்டக் காலத்தில், அந்த மக்களை ஊரைவிட்டுக் கிளப்பியது எது? வறுமை ஒன்று, பொய் மற்றொன்று. செடியின் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆள்கட்ட வந்த கங்காணி ஆசை காட்டினான் என்று மலையகத்துப் பாட்டிமார் இன்றும் சொல்வர்.

தோண்டினார்கள். தேங்காயும் வரவில்லை, மாசியும் வரவில்லை. வந்தது கடன். வழிச்செலவு கடன், உண்ட சோறு கடன், போர்த்த கம்பளி கடன். அந்தக் கடனை ஒரு தாளிலே எழுதித் 'துண்டு' என்று பெயரிட்டார்கள். துண்டை எடுத்துக்கொண்டு கங்காணி தோட்டம் விட்டுத் தோட்டம் போனான். அவனோடு கடனும் போயிற்று. கடனுக்குரிய மனிதனும் போனான். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது அந்த மனிதனுக்குத் தெரியாது. எழுத்தறியாத அவன் அறிந்ததெல்லாம், காட்டிய இடத்தில் பெருவிரலை அழுத்துவது ஒன்றே. 1921ஆம் ஆண்டிலேதான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

அந்தக் காலம் மலையேறிவிட்டது என்று மகிழ்கிறோம். மலையேறியது மெய்தான், ஆனால் ஏறிய மலையிலேயே அது குடியிருக்கிறது!

ரிவர்ஸ்டன் மலைமுகட்டிலே ஓங்கி நிற்கிறது தொலைத்தொடர்புக் கோபுரம். அதன் கீழே ரத்தோட்டையிலும் எல்கடுவையிலும் உக்குவளையிலும் லயத்துக்கு லயம் கைத்தொலைபேசி உண்டு. பாட்டன் பெருவிரலை மையிலே தோய்த்தான். பேரன் பெருவிரலைக் கண்ணாடியிலே தேய்க்கிறான். "நிபந்தனைகளை ஏற்றுக்கொள்கிறேன்" என்ற வரி வருகிறது. எத்தனை பக்கம் நிபந்தனை? எந்த மொழியில்? எவன் எழுதியது? பேரன் கேட்கவில்லை. அழுத்துகிறான்.

பள்ளிக்கூடம் சென்றவன், பரீட்சை எழுதியவன், மூன்று மொழி எழுத்தும் அறிந்தவன் வைக்கும் இதற்குப் பெயர் என்ன? கைநாட்டு என்பதல்லாமல் வேறென்ன?

அட்டையின் விலை தெரியுமா?

இன்றைய கங்காணிக்குத் தலைப்பாகை இல்லை. வெள்ளிப்பூண் போட்ட பிரம்பு இல்லை. குறுஞ்செய்தியாக வருகிறான். "ஐந்து நிமிடத்தில் கடன், பிணை வேண்டாம், அடையாள அட்டையின் இரு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பு" என்கிறான். அனுப்பிவிடுகிறார்கள். அதனோடு தொலைபேசியிலுள்ள பெயர்ப் பட்டியலைப் பார்க்கவும் அனுமதி கொடுத்துவிடுகிறார்கள். வட்டி ஏறுகிறது. தவணை தவறிய மறுநாள், கடன் வாங்கியவரின் உறவினருக்கும் ஆசிரியருக்கும் தொழில் தந்தவருக்கும் வசைச் செய்தி போகிறது. துண்டு முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு என்ன? அன்று தோட்டத்துக்குள் மானம் போயிற்று. இன்று ஊரெங்கும் போகிறது.

அடையாள அட்டை! அந்தச் சிறு அட்டைக்காக இந்த இனம் பட்ட பாட்டை இளைய தலைமுறை மறக்கலாமா? 1948இல் இயற்றப்பட்ட பிரசாவுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கான மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. குடும்பங்கள் பிரிந்தன, கொட்டகலையிலும் அட்டனிலும் இரயில் மேடைகள் கண்ணீரால் நனைந்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்பே எஞ்சியோருக்கு விடிவு பிறந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! ஐம்பத்தைந்து ஆண்டு போராடிப் பெற்ற உரிமையின் அடையாளத்தை, முகம் தெரியாத ஒருவனுக்கு ஐந்து நிமிடத்தில் படமெடுத்து அனுப்பலாமா? அந்தப் படத்தைக் கொண்டு அவன் உன் பெயரில் தொலைபேசி இணைப்புப் பெற முயலலாம். உன் பெயரில் கணக்குத் திறக்க முயலலாம். உன் பெயரில் வேறொருவனை ஏமாற்றலாம். நாடற்றவன் என்ற பட்டம் போய், குற்றவாளி என்ற பட்டம் வந்து சேரவேண்டுமா?

கடல் கடந்த ஆள்கட்டு

"தாய்லாந்தில் கணினி வேலை, மாதம் ஆயிரம் டொலர் சம்பளம்" என்ற மாதிரியான விளம்பரங்களை நம்பிப் புறப்பட்ட இலங்கை இளைஞர் பலர், எல்லை கடத்தப்பட்டு, மியன்மாரின் மியாவதிப் பகுதியில் முள்வேலி முகாம்களிலே அடைக்கப்பட்டனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்த 'கணினி வேலை' என்ன? கணினி முன் அமர்ந்து, உலகெங்குமுள்ள அப்பாவிகளிடம் காதல் பேசியும் முதலீடு பேசியும் பணம் பறிப்பது. மறுத்தவருக்கு அடி. 2023ஆம் ஆண்டுக்குப் பின் கட்டம் கட்டமாகப் பலர் மீட்கப்பட்டார்கள். ஏமாந்தவனையே ஏமாற்றுகிறவனாக்கும் கொடுமை இது. தோட்டத்தில் நாட்சம்பளத்தை நம்பி வாழும் குடும்பத்துப் பிள்ளைக்கு இத்தகைய விளம்பரம் எவ்வளவு இனிக்கும் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

இதெல்லாம் எங்கோ தொலைவில் நடப்பது என்று எண்ணாதீர்கள். 2024 ஒக்டோபரில், நமக்கு அடுத்த மாவட்டமாகிய கண்டியிலே, குண்டசாலையில் ஒரு விடுதியைப் பொலிசார் சுற்றிவளைத்தனர். இணையவழி மோசடிச் சந்தேகத்தின்பேரில் நூற்றுக்கு மேற்பட்ட சீன நாட்டவர் அங்கே கைதாயினர். நூற்றுக்கணக்கில் கைத்தொலைபேசிகளும் பிடிபட்டன. மோசடி இன்று ஒரு பெருந்தொழில். ஆலைபோல ஆட்களை வைத்து, முறைமாற்றி நடத்தும் தொழில். அந்த ஆலைக்கு நாம் மூலப்பொருளாக இருக்கவேண்டுமா என்பதே கேள்வி.

பூட்டும் திறவுகோலும்

"நான் ஏழை, என்னிடம் கொள்ளையடிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்கும் மாணவன் உண்டு. அவனுக்கு ஒரு வரலாற்றைச் சொல்வோம்.

2016 பெப்ரவரியில், நியூயோர்க் நகரில் பங்களாதேஷ் மத்திய வங்கிக்கிருந்த கணக்கிலிருந்து ஏறத்தாழ நூறு கோடி டொலரைக் கவர்ந்துசெல்லக் கள்வர் முயன்றனர். துப்பாக்கி எடுத்தார்களா? சுவரைத் துளைத்தார்களா? இல்லை. வேலை கேட்டு விண்ணப்பிப்பது போன்ற மின்னஞ்சலை வங்கி ஊழியருக்கு அனுப்பினார்கள். அதைத் திறந்த விரலே கள்வருக்குக் கதவைத் திறந்தது. உள்ளே புகுந்தவர்கள் பல மாதம் ஓசையின்றிக் காத்திருந்தார்கள். எட்டுக் கோடிப் பத்து இலட்சம் டொலர் பிலிப்பைன்சுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு கோடி டொலர் எங்கே வந்தது தெரியுமா? நமது இலங்கைக்கு! ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு வந்த அந்தப் பணம் தடுக்கப்பட்டது எதனால்? 'பவுண்டேஷன்' என்ற சொல்லைக் கள்வர் பிழையாக எழுதியிருந்தார்கள். இடையிலிருந்த வங்கியில் அந்தப் பிழை ஐயத்தைக் கிளப்பியது என்று அன்று செய்தி வெளியாயிற்று.

இரண்டு பாடங்கள் இதிலே அடங்கியுள்ளன. மத்திய வங்கியின் பூட்டையும் ஒரு சாதாரண ஊழியனின் கவனக்குறைவு திறந்துவிடும். இரண்டு கோடி டொலரையும் ஒரு சொல்லைக் கூர்ந்து நோக்கிய கண் காப்பாற்றிவிடும். அந்தக் கண்தான் நமது பிள்ளைகளுக்கு வேண்டும். அதை எந்தக் கடையிலும் விற்பதில்லை, வகுப்பறையிலேதான் பெறமுடியும்.

அரசாங்கம் நம்மைக் காக்கும் என்று இருந்துவிடலாமா? அரசாங்கம் தன்னையே காத்துக்கொள்ளவில்லையே! 2023 ஓகஸ்டில், அரச அலுவலகங்களின் மின்னஞ்சல்கள் இருந்த அரசாங்கக் கணினித் தொகுதியைக் கப்பம் கேட்கும் கள்வர் பூட்டிவிட்டனர். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள், காப்புப் பிரதி இன்மையால், திரும்பிவராமலே போயின. பழையதாகிப்போன மென்பொருளைக் காலத்தில் மாற்றாமல் விட்டது அதற்கொரு காரணம். 2017 மே மாதத்தில் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட நாடுகளைக் கலக்கி, பிரித்தானிய மருத்துவமனைகளையே தடுமாறவைத்த 'வன்னாகிரை' நச்சுநிரலும் அப்படித்தான். அதைத் தடுக்கும் மருந்தை மென்பொருள் நிறுவனம் இரண்டு மாதம் முன்னரே வெளியிட்டிருந்தது. மருந்தை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுக் காய்ச்சலில் விழுந்தது உலகம். தொலைபேசி "புதுப்பிக்கவா?" என்று கேட்கும்போது "பிறகு" என்று ஒவ்வொரு நாளும் தள்ளிப்போடும் மாணவன் இதைச் சிந்திக்கட்டும்.

சட்டம் வந்தது, பாடம் வந்ததா?

சட்டங்களுக்கு இந்நாட்டிலே பஞ்சமில்லை. 2007இல் கணினிக் குற்றச் சட்டம். 2022இல் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் சட்டம். 2024 ஜனவரி 24ஆம் நாள், 108 வாக்குகள் ஆதரவாகவும் 62 எதிராகவும் பதிவாக, நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் பாராளுமன்றத்தில் நிறைவேறிற்று. மோசடி, ஆள்மாறாட்டம், சிறுவர் துன்புறுத்தல் பற்றிய விதிகள் அதிலே உண்டு. அவற்றை யாரும் குறைகூறவில்லை. ஆனால் எது பொய், எது மெய் என்று தீர்ப்பளித்துப் பேச்சை நீக்கச் சொல்லும் அதிகாரத்தை ஐவர் அடங்கிய ஆணைக்குழுவிடம் கொடுத்ததையே பத்திரிகையாளரும் எதிர்க்கட்சியினரும் உரிமை இயக்கத்தினரும் கண்டித்தனர்.

நமது முறையீடு வேறு. 'காப்பு' என்று பெயர் சூட்டிய அந்தச் சட்டம் எந்த வகுப்பறைக்கு ஒரு பாடத்தைக் கொண்டுவந்தது? எந்தத் தோட்டப் பாடசாலைக்கு ஓர் ஆசிரியரைத் தந்தது? சட்டம் களவு போனபின் வருவது. கல்வி களவு போகாமல் காப்பது. பேசும் நாவுக்குப் பூட்டுப் போட விரைந்தவர்கள், அழுத்தும் விரலுக்கு அறிவூட்ட மறந்தார்கள்.

மொழியின் கதையும் இதில் உண்டு. 1956இல் சிங்களம் மட்டும் என்றார்கள். முப்பத்தோராண்டு கழித்து, 1987இல், பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்றது. ஏட்டில் வந்த உரிமை, ஏமாந்த பெண் முறையிட வரும் மேசை வரை வந்து சேரவேண்டும். தன் மானம் பறிபோன கதையைத் தெரியாத மொழியிலே, மொழிபெயர்க்க வந்த அயலான் ஒருவன் கேட்க, ஒரு மாணவி சொல்லவேண்டும் என்றால் அவள் சொல்வாளா? வாய்மூடித் திரும்புவாள். கள்வனுக்கு அதைவிடப் பாதுகாப்பு வேறு வேண்டுமா?

கல்லூரி செய்யவேண்டியது

எனவேதான் சொல்கிறோம்: இந்தப் போரின் முதற் கோட்டை கல்லூரியே. மாத்தளையில் இந்துக் கல்லூரி இருக்கிறது. பாக்கியம் கல்லூரி இருக்கிறது. சாகிராவும் ஆமினாவும் இருக்கின்றன. தோட்டந்தோறும் தமிழ்ப் பாடசாலைகள் இருக்கின்றன. கொரோனா நோய் பரவிய 2020, 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலைகளை மூடி, "பாடம் தொலைபேசியில் வரும்" என்றோம். மலைநாட்டுப் பிள்ளைகள் அலைவரிசை தேடிப் பாறையிலும் மரத்திலும் ஏறினார்கள். தொலைபேசியை நாமே அவர்கள் கையில் கொடுத்தோம். அதை ஆளும் அறிவை யார் கொடுப்பது? கத்தியைக் கொடுத்தவன், பிடி எது, வாய் எது என்று காட்டவேண்டாமா?

செய்யவேண்டியவை மலையைப் புரட்டும் காரியங்கள் அல்ல. தவணைக்கு ஒரு நாள், ஒவ்வொரு வகுப்புக்கும், தெளிந்த தமிழில் ஒரு பாடம் போதும். எதைக் கற்பிப்பது? வங்கியோ வாட்ஸ்அப்போ அனுப்பும் ஆறிலக்க எண் வீட்டுத் திறவுகோலைப் போன்றது. மாமன் கேட்டாலும் மச்சான் கேட்டாலும் கொடுக்கலாகாது. கேட்பவன் வங்கி அதிகாரி என்றால், அவன் அதிகாரி அல்லன் என்பதற்கு அக்கேள்வியே சான்று. ஒரே கடவுச்சொல்லை எல்லாக் கணக்குக்கும் வைப்பவன், ஒரே சாவியால் வீட்டையும் கடையையும் பெட்டியையும் பூட்டுபவன். நீண்ட கடவுச்சொல்லும் இரண்டாம் படி உறுதிப்பாடும் இருந்தால் கள்வன் வேறு வீடு பார்த்துப் போவான். கொமினிகேசன் கடைக் கணினியில் கணக்கைத் திறந்தவன், மூடிவிட்டு எழவேண்டும். தொலைபேசியைத் திருத்தக் கொடுக்குமுன் படங்களை அகற்றவேண்டும். அண்ணனின் குரலில் அழைப்பு வந்து அவசரமாகப் பணம் கேட்டால், குரலை நம்பாமல் அண்ணனுடைய பழைய எண்ணுக்கே திரும்ப அழைக்கவேண்டும். குரலையும் முகத்தையும் இயந்திரமே போலியாகச் செய்யும் காலம் இது.

அடுத்தது, அச்சத்தை அகற்றுவது. இதுவே தலையாயது. ஒரு மாணவியின் படத்தை எவனோ வெட்டி ஒட்டி அசிங்கப்படுத்தி, "பணம் தா, இல்லையேல் பரப்புவேன்" என்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் யாரிடம் போவாள்? வீட்டில் சொன்னால் தொலைபேசியைப் பறிப்பார்கள், படிப்பையே நிறுத்துவார்கள். கல்லூரியில் சொன்னால் "நீ ஏன் படம் போட்டாய்?" என்று அவளையே குற்றக்கூண்டில் ஏற்றுவார்கள். அயலார் சிரிப்பார்கள். ஆகவே கேட்டதைக் கொடுப்பாள். கொடுக்கக் கொடுக்கக் கேட்பான். இந்தச் சங்கிலியைக் கள்வன் மட்டும் செய்யவில்லை. பழிசொல்லும் நமது நாவும் சேர்ந்தே செய்கிறது.

ஒவ்வொரு கல்லூரியிலும் ஓர் ஆசிரியை, "எது நடந்திருந்தாலும் என்னிடம் வா, உன்னைத் தண்டிக்கமாட்டோம்" என்று உறுதி கூறட்டும். அந்த உறுதியை அதிபர் பகிரங்கமாக ஆதரிக்கட்டும். மிரட்டுகிறவனுக்குக் காசு கொடுக்காதே. செய்திகளை அழிக்காதே, அவை சான்று. அவற்றைப் படமெடுத்து வை. நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் அன்றைக்கே சொல். இந்த நான்கையும் சுவரில் எழுதிவைக்கட்டும். சிறுவருக்கு 1929, பெண்களுக்கு 1938, கணினி அவசர நிலைக்கு 101 என்ற தொலைபேசி எண்களையும் அதன் கீழே எழுதட்டும். 2006இல் தொடங்கிய இலங்கைக் கணினி அவசரத் தயார்நிலை அணியின் அலுவலரை அழைத்துத் தமிழிலே பேசச் சொல்லட்டும். தமிழறிந்தவர் வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கட்டும். பெற்றோர் கூட்டத்தைக் கல்லூரி மண்டபத்தில் மட்டுமன்றி, வேலை முடிந்த மாலையிலே லயத்து வாசலிலும் நடத்தட்டும். தாய் குவைத்தில், தந்தை கொழும்பில், தொலைபேசியோடு தனித்திருக்கும் பிள்ளைக்குப் பாட்டியே காவல். அந்தப் பாட்டிக்கும் இது விளங்கவேண்டும்.

திறமையை என்ன செய்வது?

இன்னும் ஒன்று. 2016 ஓகஸ்டில் ஜனாதிபதியின் இணையத்தளத்துக்குள் எவரோ புகுந்து, சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் உயர்தரப் பரீட்சையை வைக்கவேண்டாம் என்றும், அரச இணையத்தளங்களின் பாதுகாப்பைக் கவனியுங்கள் என்றும் எழுதிவைத்தனர். நாடு திகைத்தது. பொலிசார் தேடிப் பிடித்தது யாரை? கடுகண்ணாவையைச் சேர்ந்த பதினேழு வயது மாணவனை!

செய்தது குற்றம், ஐயமில்லை. பிறர் வீட்டுப் பூட்டு பலவீனமானது என்பதற்காக உள்ளே நுழைய எவருக்கும் உரிமையில்லை; சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றம் அது. ஆயினும் கேட்கிறோம்: அந்த ஆற்றலுக்கு அந்தப் பிள்ளையின் கல்லூரிப் பருவத்தில் நல்வழி ஒன்று திறந்திருந்தால், பூட்டை உடைத்த கை பூட்டுச் செய்யும் கையாகியிருக்காதா? உலகெங்கும் அத்தகைய கைகளைத் தேடிச் சம்பளம் கொடுக்கிறார்கள். மாத்தளைத் தோட்டங்களிலும் அப்படிப்பட்ட மூளைகள் உண்டு. அவற்றுக்குக் கணினிக் கூடமும் வழிகாட்டியும் இல்லை. மாணவர் குழு ஒன்றை அமைத்து, கல்லூரிக் கணினிகளைக் காக்கும் பொறுப்பை, ஆசிரியர் மேற்பார்வையில், அவர்களிடமே கொடுத்துப் பாருங்கள். குறும்பு கடமையாக மாறும்.

மாத்தளைக்கு அருகே அலுவிகாரை இருக்கிறது. வாய்மொழியாகவே வழங்கிவந்த பௌத்தத் திருமறை கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பட்டது அங்கே என்பர். எழுத்தின் பெருமையை அறிந்த ஊர் இது. எழுத்தை அறியாததால் வாழ்வை இழந்த மக்கள் வந்து சேர்ந்த ஊரும் இதுவே. இரண்டு வரலாற்றுக்கும் நடுவிலே இன்று நமது பிள்ளை கைத்தொலைபேசியோடு நிற்கிறான்.

தமிழ் மாணவனே, உன் பாட்டன் படிக்காமல் விரலை அழுத்தினான். அது அவன் குற்றமன்று, அவனுக்கு எழுத்தை மறுத்தவர் குற்றம். நீ படித்தவன். படித்த பிறகே அழுத்து. ஐயம் தோன்றினால் நிறுத்து. அகப்பட்டால் மறைக்காதே. அகப்பட்ட தோழியைக் கண்டு சிரிக்காதே, கைகொடு.

ஆசிரியர்களே, அதிபர்களே! பாட்டன் வைத்த கைநாட்டின் கடனைத் தீர்க்க இந்தச் சமுதாயத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. பேரன் வைக்கப்போகும் கைநாட்டை, அடுத்த தவணையிலே ஒரு பாடவேளையில் தடுத்துவிடலாம். அந்த ஒரு பாடவேளையைக் கொடுங்கள்.